எக்கனாமிக்ஸ் படிச்சா வேலை கிடைக்குமா? நைனார்பாளையம் பக்கம் கேட்கும் கேள்வி

கள்ளக்குறிச்சி:
பிளஸ்-2 ரிசல்ட் வந்த கையோடு சின்னசேலம் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் சென்டர்கள் களைகட்டும். அரசு கலைக்கல்லூரிக்கு விண்ணப்பம் போட வரும் மாணவ-மாணவிகள் வரிசையாக டிக் அடிப்பார்கள். முதலில் பி.காம். அடுத்து கம்ப்யூட்டர் சயின்ஸ். அப்புறம் இங்கிலீஷ். கடைசியில், 'எதுவும் கிடைக்கலேன்னா இது இருக்கட்டும்' என்று ஒரு பாடம்.

அதுதான் பி.ஏ. பொருளியல்.

"எக்கனாமிக்சா? படிச்சிட்டு நிதி மந்திரி ஆகப்போறியா?" என்று திண்ணையில் இருக்கும் பெரிசுகள் கிண்டல் அடிப்பதும் வழக்கம்தான். ஆனால் விஷயம் கிண்டல் அடிக்கும் அளவுக்கு லேசானது இல்லை. நைனார்பாளையம் மாதிரி ஊரில் வீட்டில் முதல் ஆளாக காலேஜ் வாசலை மிதிக்கும் பிள்ளைக்கு 3 வருஷம் என்பது பெரிய முதலீடு. அரசுப்பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கிய பிறகு பஸ் செலவு பயம் கொஞ்சம் குறைந்தது நிஜம். படித்து முடித்த பிறகு என்ன என்ற பயம் குறையவில்லை.

உள்ளதை சொன்னால்...

வெறும் பி.ஏ. எக்கனாமிக்ஸ் பட்டத்தை மட்டும் காட்டி வேலை கேட்டால், எந்த டிகிரிக்கும் கிடைக்கும் வேலைதான் கிடைக்கும். வங்கி கிளார்க் தேர்வோ, டி.என்.பி.எஸ்.சி. குரூப்-2 தேர்வோ, ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். குரூப்-2 பாடத்திட்டத்தில் இந்திய பொருளாதாரம் வருவதால் இவர்களுக்கு கொஞ்சம் கை ஓங்கும். அவ்வளவுதான்.

இந்த பாடத்துக்கே உரிய வேலைகள் எல்லாம் எம்.ஏ.வுக்கு அப்புறம்தான் கதவை திறக்கின்றன. மத்திய அரசின் இந்திய பொருளாதார பணிக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வு எழுத முதுகலை பட்டம் வேண்டும். மேல்நிலைப்பள்ளியில் பொருளியல் வாத்தியார் ஆக எம்.ஏ.வோடு பி.எட். வேண்டும். ஆக, 3 வருஷம் என்று நினைத்து சேர்பவர் மனசளவில் 5 வருஷத்துக்கு தயாராக இருக்க வேண்டும். இதை சேரும்போதே பிள்ளைகளிடம் சொல்லி விடுவது நல்லது.

இன்னொரு இடி, கணக்கு. கிராமத்து பள்ளியில் பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் உள்ள குரூப்பில் கணிதம் இருப்பதில்லை. நம்ம அரசு கல்லூரியில் பி.ஏ. சேர அது தடையும் இல்லை. ஆனால் டெல்லி பல்கலைக்கழகத்தில் எக்கனாமிக்ஸ் ஹானர்ஸ் சேர பிளஸ்-2 கணக்கு கட்டாயம். எம்.ஏ.வுக்கு பெரிய இடங்களில் நுழைவுத்தேர்வு எழுதப்போனால் கால்குலசும் புள்ளியியலும் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். குரூப் எடுத்தபோதே பாதி பாதை அடைபட்டது, பாவம், அந்த பிள்ளைக்கு தெரியாது. பெரும்பாலும் யாரும் சொல்வதும் இல்லை.

புத்தகத்தை விட பெரிய புத்தகம்

சரி, அப்போ இந்த படிப்பு வேஸ்ட்டா? அங்கேதான் கதை வேறு.

'தேவை, அளிப்பு' என்று புத்தகத்தில் வரைபடம் போட்டு காட்டுவார்கள். மாணவன் மனப்பாடம் செய்து எழுதுவான். அதே பாடம் அவன் அப்பாவின் மரவள்ளி காட்டில் கிடக்கிறது. கிழங்கை மண்ணில் இருந்து பிடுங்கி விட்டால் 2, 3 நாளில் கெட ஆரம்பித்து விடும். வைத்திருந்து விலை ஏறும்போது விற்க முடியாது. வாங்குவதோ ஆத்தூர், சேலம் பக்கத்து சேகோ ஆலைகள். மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று ஆலையில்தான் பார்ப்பார்கள். விற்பவர் ஆயிரக்கணக்கில், வாங்குபவர் கொஞ்சம் பேர், சரக்கோ காத்திருக்காது. விலையை நிர்ணயிப்பது யார் என்று இனி சொல்லவும் வேண்டுமா?

மக்காச்சோளமும் அப்படித்தான். 2018-ல் படைப்புழு வந்து தமிழ்நாடு முழுக்க காட்டை காலி செய்தது. சில வருஷத்தில் கோழித்தீவனத்துக்கு போட்டியாக எத்தனால் ஆலைகளும் மக்காச்சோளம் கேட்க ஆரம்பித்தன. டெல்லியில் போடும் ஒரு உத்தரவு சின்னசேலம் களத்தில் காயும் சோளத்தின் விலையை ஆட்டுகிறது. இதைவிட நல்ல பாடம் எந்த புத்தகத்தில் இருக்கிறது?

சிரமமான பாடமும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷ சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களை குடித்தது. போலீஸ், அரசியல் என்று எல்லா கோணத்திலும் பேசினார்கள். கடைச்சரக்கு விலை ஏறும்போது தினக்கூலிக்காரர் எதற்கு மாறுகிறார் என்ற கேள்வியை அதிகம் பேர் கேட்கவில்லை. 'பதிலீட்டுப் பண்டம்' என்று பரீட்சையில் காபியும் டீயும் எழுதி 2 மார்க் வாங்கும் பிள்ளைகள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

தென்னாற்காட்டில் நடந்தது

இப்படி ஊரையே பாடமாக்குவது புதுசு இல்லை. 1915-ல் சென்னை பல்கலைக்கழகத்துக்கு இந்திய பொருளாதார பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற வெள்ளைக்காரர் வந்தார். லீவுக்கு ஊருக்கு போகும் மாணவர்கள் கையில் கேள்வித்தாளை கொடுத்து, 'உனக்கு தெரிந்த கிராமத்தை பற்றி எழுதி வா' என்று அனுப்பினார். நிலம் யாரிடம், கடன் எவ்வளவு, கூலி என்ன என்று பையன்கள் எழுதி வந்தது 1918-ல் புத்தகமாகவே வந்தது.

அதில் ஒரு ஊர் இருவேல்பட்டு. இன்று விழுப்புரம் மாவட்டம், அன்று தென்னாற்காடு ஜில்லா. நைனார்பாளையமும் அதே ஜில்லாதான். கல்யாணத்துக்கு வாங்கிய கடனை அடைக்க முடியாமல் ஆயுசுக்கும் பண்ணையில் கிடந்த படியாட்களின் கதையை வெளியே கொண்டு வந்தது அந்த கணக்கெடுப்பு. அதோடு விடவில்லை. 1937, 1961, 1980-களின் தொடக்கம், 2008 என்று ஆராய்ச்சியாளர்கள் அதே ஊருக்கு திரும்ப திரும்ப போனார்கள். ஜனங்கள் வெளி வேலைக்கு போனதும், ரேஷன் அரிசி வந்ததும் பண்ணையார் பிடியை எப்படி தளர்த்தின என்று நூறு வருஷ கதையே கையில் இருக்கிறது. 2008-ல் போன மூவரில் ஒருவர் ஜெ.ஜெயரஞ்சன். 2021-ல் மாநில திட்டக்குழு துணைத்தலைவர் பதவிக்கு நியமிக்கப்பட்டவர் அவர்தான்.

பக்கத்தில் கல்வராயன் மலை. 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் இருந்த மலை. அங்கே கேட்டு எழுத எத்தனை கேள்வி இருக்கும்!

கல்லூரியில் கேளுங்க

விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்ட கல்லூரிகள் 2021-க்கு பிறகு அண்ணாமலை பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. பாடத்திட்டம் எதுவாக இருந்தாலும், கள ஆய்வுக்கு மாணவனை வெளியே அனுப்பாத துறையில் எக்கனாமிக்ஸ் என்பது மனப்பாட பாடம்தான் என்பது நம்ம கருத்து. எனவே சேரும் முன் 2 விஷயம் விசாரியுங்க. புள்ளியியல் பேப்பரை கம்ப்யூட்டரில் செய்ய வைக்கிறார்களா? கடைசி வருஷ பிராஜெக்டை பசங்களே செய்கிறார்களா, இல்லை ஜெராக்ஸ் கடையில் ரெடிமேடாக கிடைக்கிறதா? (சிரிக்க வேண்டாம். விசாரித்து பாருங்க.)

பதில் சரியில்லை என்றாலும் செமஸ்டர் லீவு இருக்கிறது. ஒரு 80 பக்க நோட்டு, 20 கேள்வி, சொந்த தெருவில் 50 வீடு. கிழங்கு என்ன விலைக்கு போச்சு, அட்வான்ஸ் யார் கொடுத்தது, வட்டி எவ்வளவு, நகை எந்த பேங்கில் இருக்கு, வீட்டில் யார் திருப்பூரில், யார் பெங்களூரில். செலவு, டீக்காசு மட்டும்தான்.