பரிசோதனை நோயாளியைத் தேடிச் செல்லட்டும்

நடக்க இயலாத ஒருவர், தம்மால் நடக்க இயலவில்லை என்பதைக் காட்டுவதற்கே நெடுந்தூரம் போய்வர வேண்டியிருப்பது விசித்திரமான ஏற்பாடாகும். புதுக்கோட்டை ஜில்லாவின் கிழக்கே கடலோரத்து மணமேல்குடியிலோ, மேற்கே விராலிமலையை அடுத்த ஒரு குக்கிராமத்திலோ பக்கவாதத்தால் ஒரு புறம் செயலற்றுக் கிடப்பவரை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். அவர் கை எவ்வளவு தேறியிருக்கிறதென்று நிபுணர் காண்பதற்காக இருவர் அவரைத் தூக்கிப் பஸ்ஸில் ஏற்றவேண்டும். அவ்விருவரின் அன்றைக் கூலியும் போகும். ஒருமுறை சென்றவர் மறுமுறை செல்லத் தயங்குவதில் வியப்பென்ன? மருந்தில்லாமல் அன்று, தூரத்தினாலேயே சிகிச்சை நின்றுவிடுகிறது.

இக்குறையைப் பெரிதும் நீக்கவல்ல சாதனம் ஒன்று இன்று கைக்கெட்டும் நிலையில் இருக்கிறது. கண்களை மறைத்துத் தலையில் அணியும் மெய்நிகர்க் கருவியையே குறிப்பிடுகிறோம். பெரும்பாலும் விளையாட்டுக்கென்று விற்கப்படும் இக்கருவி, தலையும் கைகளும் இருக்குமிடத்தை வினாடிக்குப் பல தடவை குறித்துக்கொள்கிறது. நோயாளியின் முன் ஒரு மாமரம் தோன்றுகிறது; பழம் பறிக்கக் கையை நீட்டுகிறார். கை எவ்வளவு உயர்ந்தது, எத்தனை நேரம் பிடித்தது, எட்டாத குறையை உடம்பைச் சாய்த்து ஈடுசெய்தாரா என்பவை எண்களாகப் பதிவாகின்றன. பார்க்கின்சன் நோயில் ஓய்ந்திருக்கும் கை வினாடிக்கு 4 முதல் 6 தடவை நடுங்கும், அதனையும் எண்ணிவிடலாம். வைத்தியர் தம் இடத்திலிருந்தே சென்ற மாதக் கணக்கை இம்மாதக் கணக்குடன் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இது மேனாட்டார் வேடிக்கையென்று ஒதுக்குவதற்கில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் மெய்நிகர்த் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அந்த ஸ்தாபனமும் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து, கை செயலிழந்தோர் விளையாட்டுப் போலவே பயிற்சி பெறும் 'புளூட்டோ' என்ற யந்திரத்தை ஆக்கியிருக்கின்றன. தொலை வைத்தியத்துக்கு இந்திய சர்க்கார் 2020 மார்ச்சில் விதிகள் வகுத்தார்கள். தமிழ்நாட்டு சர்க்கார் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிஸியோதெரபியை வீட்டுக்கே கொண்டுசெல்வது. புதுக்கோட்டையில் 2017 முதல் சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் உண்டு. கருவி உண்டு, விதி உண்டு, வீடு தேடிச் செல்லும் ஊழியர் உண்டு, வைத்தியரும் உண்டு. இவற்றை ஒன்றுசேர்ப்பதே செய்யத்தக்கது.

எனினும் கருவியின் எல்லையை மறத்தல் கூடாது. விறைத்த தசையை அசைத்து உணர்வதற்கு வைத்தியரின் கரமே வேண்டும். தொடுவுணர்ச்சியையும் கருவி அறியாது. தனி உணர்கருவிகளைக் கட்டினாலன்றிக் காலின் அசைவைச் செவ்வனே காணாது. கண் மறைந்திருப்பதால் தலைசுற்றி விழும் அபாயமும் உண்டாகையால், அருகில் ஊழியர் நில்லாமல் அணிவித்தலாகாது.

இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, 40 சதவிகிதக் குறைபாடு என்பது பல சலுகைகளுக்கு வாயிலாக இருக்கிறது. ஓர் ஏழையின் ஜீவனம் தொங்கும் அந்தக் கணக்கை யந்திரம் மட்டும் தீர்மானிக்க விடுவதை நாம் வன்மையாக ஆட்சேபிப்போம். யந்திரம் சாட்சியாக இருக்கட்டும், நீதிபதியாக வேண்டாம். அதன் பதிவுகளும் நோயாளியின் சம்மதமின்றிப் பிறர் கைக்குப் போகலாகாது.

கிராமத்தார் இதையெல்லாம் பழகுவார்களா என்று கேட்போருக்கு இந்த ஜில்லாவின் சரித்திரமே விடை கூறும். 1991-ல் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் இங்கே சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பரிகசித்தவர்கள் பின்னர் வாய் மூடினார்கள்.

ஆகவே, தாலுகாவுக்கு ஒரு கருவி வீதம் ஆறு மாதம் பரீட்சார்த்தமாக நடத்தி, அதன் பலனை யாவரும் அறியத் தமிழில் வெளியிடுமாறு சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம். பொதுஜன ஊழியர்கள் தத்தம் கிராமத்தில் வீட்டோடு முடங்கியிருப்போரின் ஜாபிதாவை இன்றே தயாரிக்கத் தொடங்கலாம். அதற்கு எந்த உத்தரவும் வேண்டியதில்லை.