சூரியன் சீறினால்...?

தினமும் காலையில் சூரியன் உதிக்கிறது. மாலையில் மறைகிறது. அது என்றும் ஒரே மாதிரி இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள்.

அது சரி அல்ல. சூரியனுக்கு அமைதியான காலமும் உண்டு. சீறும் காலமும் உண்டு!

சூரியனில் கரும்புள்ளிகள் தோன்றும். அந்த இடங்களில் வெப்பம் சற்றுக் குறைவு. அதனால் கறுப்பாகத் தெரிகின்றன. சில புள்ளிகள் பூமியைவிடப் பெரியவை! சுமார் 11 ஆண்டுக்கு ஒரு முறை இவை பெருகும். பிறகு குறையும். புள்ளிகள் பெருகும் காலமே சீற்றம் மிகுந்த காலம்.

அப்போது மின்சாரம் ஏறிய துகள்களைச் சூரியன் வீசி எறியும். அவை பூமியைத் தாக்கினால், பூமியின் காந்த மண்டலம் அதிரும். நீண்ட மின் கம்பிகளில் தானாகவே மின்சாரம் பாயும்.

1859 செப்டம்பரில் இப்படி நடந்தது. அமெரிக்காவில் தந்திக் கருவியில் இருந்து பாட்டரியைக் கழற்றிய பிறகும் தந்தி போயிற்று!

1989 மார்ச் 13-ந் தேதி கனடா நாட்டில் கியூபெக் மாநிலம் இருளில் மூழ்கியது. சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் தவித்தார்கள்.

மனிதர் உடம்புக்குப் பயம் இல்லை. பூமியின் காற்று மண்டலமும் காந்த மண்டலமும் கவசமாக நின்று காக்கின்றன. ஆனால் மனிதர் செய்த கருவிகளுக்கு ஆபத்து உண்டு. மின்சாரம் நின்றால் குழாயில் தண்ணீர் வராது. ஆஸ்பத்திரி வேலை தடைப்படும். செயற்கைக் கோள் கெட்டால் விமானமும் கப்பலும் வழி அறியத் திண்டாடும்.

சூரியனைத் தடுக்க யாராலும் முடியாது. ஆனால் முன்கூட்டியே அறியலாம். துகள்கள் பூமிக்கு வந்து சேரப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். அதற்குள் மின் பாதைகளில் சுமையைக் குறைக்கலாம். செயற்கைக் கோளின் நுட்பமான கருவிகளை நிறுத்தி வைக்கலாம்.

கொடைக்கானல் மலையில் நூறு ஆண்டுக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். 2023-ல் இந்தியா அனுப்பிய ஆதித்யா எல்-1, பூமியில் இருந்து 15 லட்சம் கிலோ மீட்டர் தூரத்தில் நின்று சூரியனைக் கவனிக்கிறது.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால், மீனவர்கள் கடலுக்குப் போவது இல்லை. சூரியப் புயலுக்கும் அந்தக் கட்டுப்பாடு வேண்டும். எச்சரிக்கை வந்ததும் யார், என்ன செய்வது என்று மின்சார நிலையங்கள் முன்பே திட்டம் போட்டு வைக்க வேண்டும்.

காவல்காரன் குரல் கொடுத்தால் மட்டும் போதாது. வீட்டில் உள்ளவர்களும் விழித்து எழ வேண்டும்!