வட்டி ஓடிக்கொண்டிருக்கையில் சேமிப்பு எதற்கு?



கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஆலைகளிலும் பணியாற்றும் நம் பிள்ளைகளில், முதுகலைப் படிப்புக்காக வங்கியில் கல்விக் கடன் பெற்றவர்கள் உண்டு. சம்பளம் வந்ததும் தவணையைக் கட்டுகிறார்கள். மீதத்தைத் தங்கையின் நிக்காஹுக்கோ உம்ராவுக்கோ சேர்க்கிறார்கள். பொறுப்பான பிள்ளை என்று நாமும் மெச்சுகிறோம். “தவணைதான் ஒழுங்காகப் போகிறதே, கையிலிருப்பதை ஏன் வங்கிக்குக் கொடுக்க வேண்டும்?” என்று கேட்கும் அத்தாமார்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கடனை வாங்கியது சரியா என்ற விவாதத்தை நான் எழுப்பவில்லை. வாங்கியாயிற்று; தவ்பா செய்வோம். ஆனால் வட்டி வாங்குபவரை மட்டுமன்றிக் கொடுப்பவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நிர்ப்பந்தம் என்று சொல்லித்தான் கடன் எடுத்தோம். அடைக்கப் பணம் வந்த நாளோடு அந்த நிர்ப்பந்தம் முடிந்துவிடுகிறதே!

கணக்கையும் பார்ப்போம். 5 லட்சம் ரூபாய்க் கடன், 10 சதவீத வட்டி, 10 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் ஏறத்தாழ 6,600 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் வட்டியாக மட்டும் 2 லட்சத்து 93 ஆயிரம் போயிருக்கும். தொடக்கத்திலேயே 2 லட்சத்தை அசலில் செலுத்திவிட்டு அதே தவணையைத் தொடர்ந்தால் கடன் ஐந்து ஆண்டுக்குள் தீரும். வட்டி 80 ஆயிரத்துக்கும் கீழே நிற்கும். அந்த 2 லட்சம் சேமிப்புக் கணக்கில் கிடந்தால் அதற்கு வங்கி தரும் வட்டியும் நமக்கு ஆகாது. கொடுப்பது மட்டுமே நம் பங்கு!

“80இ பிரிவில் வரிச்சலுகை இருக்கிறது, கடனை வைத்திருப்பதே லாபம்” என்று படித்த பிள்ளைகளே சொல்கிறார்கள். அச்சலுகை பழைய வரி முறையில் மட்டுமே உண்டு. புதிய முறையில், 2025-26 நிதியாண்டு முதல் 12 லட்சம் வரையிலான ஆண்டு வருமானத்துக்கு வரியே இல்லை. மாதம் 35 ஆயிரம் வாங்கும் பிள்ளைக்கு எந்த வரி மிச்சமாகப் போகிறது?

சேர்த்த பணம் நிஸாபை எட்டி ஓராண்டு கடந்தால் ஜகாத்தும் நினைவிருக்கட்டும். கடன் இருப்பது ஜகாத்தை நீக்காது என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. ஹனஃபி மத்ஹபில் கடனைக் கழிக்க இடமுண்டு. நீண்ட காலத் தவணைக் கடனில் எவ்வளவு கழிக்கலாம் என்பதை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

இருப்பதையெல்லாம் வழித்துக் கட்டிவிடுங்கள் என்று நான் கூறவில்லை. ஒப்பந்தப் பணியில் இருப்பவருக்கு வேலை என்று நிற்கும் என்பது தெரியாது. மூன்று நான்கு மாதச் செலவுக்கும் தவணைக்கும் உரியதை ஒதுக்கிவைப்பது தவக்குலுக்கு முரணன்று. அதற்கு மேற்பட்டதே கடனுக்குப் போக வேண்டும்.

தங்கையின் நிக்காஹ்தான் கடினமான இடம். அண்ணன் வட்டி கட்டிக்கொண்டே மண்டபத்துக்கும் நகைக்கும் பணம் சேர்ப்பதை மஹல்லாவில் எவரும் குறையாகக் கருதுவதில்லை. பள்ளிவாசலில் எளிமையாக நடத்தினால் மட்டும் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்கு அஞ்சியே பல வீடுகளில் கடன் நீள்கிறது. இணைக் கடன்தாரராகக் கையொப்பமிட்டவர் அத்தா என்பதையும் மறந்துவிடுகிறோம். பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்தால் வங்கி அவரிடம்தான் வரும். கடனாளியின் ஜனாஸாவுக்குத் தாம் தொழுவிக்காமல் நபி (ஸல்) அவர்கள் தயங்கி நின்றதும், அபூகதாதா (ரலி) பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்ததும் புகாரியில் பதிவாகியுள்ளன.

மாறும் வட்டி விகிதத்தில் தனிநபர் பெற்ற கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014இலேயே கூறிவிட்டது. பணம் கட்டும்போது, “தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்” என்று எழுத்தில் கொடுங்கள். கடன் முடிந்ததும் நிலுவை இல்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அத்தாவின் பெயரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.