சாடிக்கு இடமுண்டு

சென்னையில் எழும்பூர்க் காட்சிசாலைக்கு ஜனங்கள் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. படித்தவர்கள் கேட்டுச் சிரிப்பதுண்டு. எனக்கென்னவோ, பெயர் வைத்தவன் பெரிய விமர்சகன் என்றே தோன்றுகிறது. செத்ததில் எதைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது, எதை மறப்பது என்று யாரோ தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தோடுதான் என் சண்டை.

புதுச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். உப்பளத்துக்குத் தெற்கே, ஆற்றைத் தாண்டினால் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். ரோமாபுரியிலிருந்து மதுவும் எண்ணெயும் வந்த சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அவற்றைப் போற்றுகிறோம், சந்தோஷம். பிரஞ்சுத் துரைமார் உட்கார்ந்த நாற்காலிக்கும் ஏறிய பல்லக்குக்கும் இடமுண்டு, அதுவும் சரி. இதே கரையிலிருந்து கப்பலேறிய மனிதர்கள் எங்கே? நான் பார்த்த அறைகளில் அவர்களுக்கென்று ஒரு மூலைகூடக் கண்ணில் படவில்லை.

1848-ல் பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853-ல் 'ஒரேலி' என்ற கப்பல் இந்தியக் கூலிகளை மார்த்தினிக் தீவில் கொண்டுபோய் இறக்கியது; 1854-ல் குவாதலூப்பில். 1880-கள் முடிவதற்குள் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்கு 40,000-க்கு மேல் போனார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறிய தமிழர்கள் அவர்களில் ஏராளம். ஐந்து வருஷ ஒப்பந்தம். முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்று காகிதம் சொல்லிற்று. திரும்பாதவர்கள் பல்லாயிரம்.

"கூலிகள் என்ன விட்டுப் போனார்கள், காட்சிக்கு வைக்க?" என்று கேட்கும் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன். அந்தத் தீவுகளில் மாரியம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் இன்றும் கோயில் இருக்கிறது. மசாலா போட்ட குழம்புக்கு அங்கே 'கொலம்போ' என்று பெயர். பெண்கள் விசேஷ நாளில் தலையில் கட்டும் கட்டம்போட்ட துணி 'மத்ராஸ்'. ஆன்ரி சிதம்பரம் என்ற குவாதலூப்காரர் இந்திய வம்சத்தவருக்குக் குடியுரிமை கேட்டு 1904-ல் தொடங்கிய போராட்டத்தை 1923-ல் ஜெயித்தார். இதெல்லாம் சரித்திரம் இல்லையென்றால் உடைந்த சாடி மட்டும் எப்படிச் சரித்திரமாயிற்று?

உண்மைக் காரணம் வேறு. துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் நாட்குறிப்பு எழுதினார், அவரை அறிவோம். கூலிக்கு எழுதத் தெரியாது, மாளிகையும் கிடையாது. ஏழையின் சரித்திரம் நமக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ரோமாபுரி உறவு என்றால் கௌரவம். கரும்புத் தோட்டத்து உறவு என்றால் வாய் அடைத்துக்கொள்கிறது.

மற்றவர்களுக்கு அந்தக் கூச்சமில்லை. மொரீஷியஸில் கூலிகள் இறங்கிய படித்துறை 2006-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. குவாதலூப்பில் பழைய சர்க்கரை ஆலை மனையிலேயே 2015-ல் அடிமை வாழ்வுக்கு ஒரு நினைவகம் திறந்தார்கள்.

நான் மாளிகை கேட்கவில்லை. ஓர் அறை போதும். அதில் ஓர் ஒப்பந்தக் காகிதம், கப்பலேறியவர்களின் பெயர்ப் பட்டியல், ஒரு மத்ராஸ் துணி. தீவிலிருந்து பாட்டன் ஊரைத் தேடி வரும் பேரன் நம்மிடம் கேட்டால், சாடியைக் காட்டியா அனுப்புவது?