பதினொரு செக்கன்

ஒலிபரப்பு பழகப் போனால் முதலில் சொல்லித்தரும் பயம் ‘டெட் எயார்’. அலைவரிசை வேலை செய்யும், ஆனால் சத்தம் வராது. “ஸ்டேஷன் நிண்டுட்டுதாக்கும்” எண்டு நினைத்து நேயர் அடுத்ததுக்குத் திருப்பிவிடுவார். இதற்காகவே பல நிலையங்களில் அமைதியைப் பிடிக்கும் கருவி இருக்கிறது. குறித்த செக்கன்களுக்கு மேல் சத்தம் இல்லையென்றால் அலாரம் அடிக்கும், அல்லது மாற்று ஒலி தானாக ஓடத்தொடங்கும்.

நாங்கள் பழகிய மிச்ச உத்திகளில் பலதும் இந்தப் பயத்தோடு சேர்ந்தவைதான். ஒரு பாட்டு தேயத்தேய அடுத்ததை ஏற்றினால் அது ‘குரொஸ்ஃபேட்’. முன்னிசைக்கு மேல் கதைத்து, பாடகர் வாய் திறக்கும் இடத்தில் சரியாக முடித்தால் ‘டோக் அப்’. பேச்சுக்கு அடியில் மெல்ல ஓடுகிற இசை ‘பெட்’. எங்கேயும் இடைவெளி விழக்கூடாது.

இவற்றைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. 1925இல் கொழும்பில் வானொலி தொடங்கிய நாட்டுப் பிள்ளைகள் நாங்கள். கே.எஸ். ராஜாவின் வேகத்தையும் பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பையும் வீட்டுப் பெரியாக்கள் இன்னமும் சொல்லிச்சொல்லி ரசிப்பினம். ஆனால் இடைவெளி எல்லாமே பிழையா?

போன வருசம் நாங்கள் ஒரு போட்காஸ்ட் செய்தோம். நண்பனின் அறை, சுவரில் மெத்தை, ஒரேயொரு மைக். அவனுடைய அம்மம்மாவிடம் 1995 இடப்பெயர்வைப் பற்றிக் கேட்டோம். “வெளிக்கிடேக்க என்ன எடுத்தனீங்கள்?” அம்மம்மா பேசாமல் இருந்தா. பிறகு சொன்னா: “திறப்பு.”

எடிட் செய்யும்போது வழக்கம்போல அமைதியைச் சுருக்கும் கட்டளையைக் கொடுத்தோம். பதினொரு செக்கன் அரைச் செக்கன் ஆனது. கேள்வி முடிய “திறப்பு” எண்டு டக்கெண்டு வந்தது. வடிவாக இருக்குது எண்டுதான் நினைத்தோம். அம்மம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். “நான் இப்பிடிக் கெதியாச் சொல்லேல்லையே தம்பி” எண்டா.

அவ சொன்னது சரி. ஒரு சொல்லையும் நாங்கள் மாற்றவில்லை. ஆனாலும் அவ சொன்னதை மாற்றிவிட்டோம்.

பழைய கோப்பைத் திரும்பக் கேட்டோம். அந்தப் பதினொரு செக்கனுக்குள் காற்றாடி சுத்துகிற சத்தம் இருந்தது, தூரத்தில் ஒரு காகம் இருந்தது, அம்மம்மாவின் மூச்சு இருந்தது. அறையின் இந்த இயல்பான ஒலிக்கு ‘ரூம் டோன்’ என்று பெயர். டெட் எயாருக்குள் ஒருவரும் இல்லை. இதற்குள் ஒரு ஆள் இருக்கிறா.

இது எங்கட வானொலிக்குத் தெரியாத விசயமும் இல்லை. மரண அறிவித்தலை நினைத்துப் பாருங்கள். “பிறப்பிடமாகவும், வதிவிடமாகவும் கொண்ட” எண்டு முதலில் ஊர்கள் வரும், பிறகுதான் பெயர். நல்ல அறிவிப்பாளர் அடுத்ததுக்குத் தாவமாட்டார், ஒரு மூச்சு விடுவார். அந்த மூச்சுக்குள்தான் குசினிக்குள்ளிருந்து, “ஆர், எங்கட வாத்தியாரோ?” எண்டு ஒரு குரல் கேட்கும். அந்த இடைவெளி நேயருக்கு உரியது. அதற்குள் ஜிங்கிளைப் போட்டால் செத்தவருக்கும் மரியாதையில்லை, கேட்கிறவருக்கும் மரியாதையில்லை.

“இப்ப ஆர் பதினொரு செக்கன் பொறுத்திருந்து கேட்பினம்?” எண்டு கேட்பீர்கள். நியாயம்தான். எங்கட கேள்வி நீண்டால் வெட்டுவோம். கதவுச் சத்தத்தை வெட்டுவோம். பாட்டு நிகழ்ச்சியில் ஒரு செக்கனும் விடமாட்டோம். ஆனால் ஒரு ஆள் தன்ர வாழ்க்கையைச் சொல்லும்போது, அவர் நிறுத்திய இடத்தை அவரைக் கேட்காமல் தொடமாட்டோம் எண்டு எங்களுக்குள் ஒரு விதி வைத்திருக்கிறோம். வெளியிட முதல் அவருக்குப் போட்டுக் காட்டுவோம்.

ஒலிபரப்புச் சொற்களை எல்லாரும் பழகுங்கள். ஃபேடரை ஏற்றப் பழகுங்கள். அதில் கை வைக்காமல் இருக்கவும் பழகவேணும்.

அந்தப் பகுதியை நாங்கள் பதினொரு செக்கனோடயே வெளியிட்டோம்.