தேசிங்கு கதவைச் சாத்தியிருந்தால்...?

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் போன வாரம் ஒரு உலகப் போர் நடந்தது. மூன்று பேர், நாலு டீ (நான் ரெண்டு). "ஜெர்மனி மட்டும் அடிக்கப் போகாம தன் எல்லையைக் காத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா ரெண்டு போரிலும் ஜெயிச்சிருக்கும்டா" என்று ஒருத்தன் ஆரம்பித்தான். பெல்ஜியம், பிரான்ஸ், ரஷ்யா என்று மேசை முழுக்க பிஸ்கட்டால் வரைபடம் போட்டாகிவிட்டது.

நான் கேட்டேன், "அவ்ளோ தூரம் எதுக்கு மாப்ள? இங்கேயிருந்து திருவண்ணாமலை பஸ் ஏறினா முப்பது கிலோமீட்டருக்குள்ள செஞ்சி. தேசிங்கு வெளியே வராம கோட்டைக்குள்ளேயே இருந்திருந்தா?"

"போடா கோழை" என்றான். தேசிங்கைக் கோழை என்று சொல்ல மாட்டான். கேள்வி கேட்ட என்னைச் சொன்னான்!

அந்தக் கோபத்தில் எழுதுவதுதான் இது. ஊர்க்காரர்கள் கல்லெடுக்கும் முன் முழுதாகப் படித்துவிடுங்கள்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தேஜ் சிங் என்பதுதான் நம் வாயில் தேசிங்கு ஆனது. அப்பா சொரூப் சிங், புந்தேல ராஜபுத்திரர். முகலாயர் சார்பில் செஞ்சியை ஆண்டவர். 1714-ல் அவர் இறந்ததும் மகன் வந்து உட்கார்ந்தான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான், "உங்கப்பா கட்டாத கப்பம் பாக்கி நிற்கிறது, எடு" என்றார். இவன் மறுத்தான். நவாப் படையோடு வந்தார். இவனிடம் இருந்தது சில நூறு பேர், எதிரே பல ஆயிரம். கோட்டையை விட்டு இறங்கி, வெட்டவெளியில் போய் மோதி, 1714 அக்டோபர் 3-ம் தேதி இறந்தான். வயது 22 என்கிறார்கள். கல்யாணத்தைப் பாதியில் விட்டு ஓடி வந்ததாகக் கதைப்பாடல் சொல்லும் நண்பன் மோவுத்துக்காரனும் செத்தான். தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள். ராணிப்பேட்டைக்கு அவள் நினைவாகத்தான் அந்தப் பெயர் என்பார்கள்.

நன்றாகப் பாருங்கள். சண்டையின் மூல காரணம் அரியர்! நம்ம செமஸ்டர் அரியர் இல்லை, கப்ப அரியர். பி.காம். படிப்பவனுக்கு இது உடனே கண்ணில் படும். நவாப் வந்தது தேசிங்கின் தலைக்காக இல்லை, பாக்கிக்காக. பாக்கி வசூலிக்க வருகிறவனுக்கு ஒவ்வொரு நாளும் செலவு. குதிரைக்குக் கொள்ளு, சிப்பாய்க்குச் சம்பளம், மாட்டுவண்டி வாடகை. ஒரு கட்டத்தில் வசூல் செலவு வரவேண்டிய பாக்கியைத் தாண்டும். அப்போது எந்த வசூல்காரனும், "சரிப்பா, எவ்வளவு தர முடியும்?" என்று இறங்கி வருவான். அந்த நாள் வரை தாக்குப்பிடிப்பதுதான் உள்ளே இருப்பவனின் வேலை. தேசிங்கு அந்தச் செலவை ஒரே நாளில் முடித்துக் கொடுத்துவிட்டான்.

"தாக்குப்பிடிக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியும். அதே கோட்டையில் ஒருத்தன் செய்து காட்டியிருக்கிறான்.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. நம் பக்கம் பத்து பேரைப் பிடித்து ராஜாராம் யார் என்று கேளுங்கள். பாதிப்பேர் ராஜாராம் மோகன் ராய் என்பார்கள். சிவாஜியின் மகன் ராஜாராம், அண்ணன் சம்பாஜியை 1689-ல் ஔரங்கசீப் கொன்றபின், மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி நம் செஞ்சிக்கு வந்து சேர்ந்தபோது வயது 19. நம்மைவிடச் சின்னவன்! வந்ததும் செஞ்சிதான் மராட்டியத் தலைநகரம். 1690-ல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் வந்து முற்றுகை போட்டார். கோட்டை எப்போது விழுந்தது? 1698-ல். எட்டு வருஷம் சாமி! அந்தக் காலத்தில் இந்தியாவின் மிகப் பெரிய படை, நம் செஞ்சி மலையடியில் எட்டு வருஷம்.

அந்த எட்டு வருஷத்தில் என்ன ஆனது? முற்றுகை போட்டவர்களுக்கே தானியம் கிடைக்கவில்லை. 1692 கடைசியில் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் இருவரும் வெளியிலிருந்து வந்து அடித்தார்கள். முகலாய முகாமுக்குள்ளேயே சண்டை. பாதுஷாவின் மகன் காம் பக்ஷையே தளபதிகள் பிடித்து வைக்க வேண்டியதாயிற்று. 1693 தொடக்கத்தில் சுல்பிகர் கான் முற்றுகையைத் தூக்கிக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார். மறுபடி வந்து, மறுபடி இழுத்து, கடைசியில் கோட்டையைப் பிடித்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. வேலூர் வழியாகத் தப்பி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். குடும்பத்தார் சிலர் சிக்கிக்கொண்டார்கள், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ராஜ்ஜியம் பிழைத்தது. ஔரங்கசீப் மராட்டியரை அடக்க முடியாமலே 1707-ல் தக்காணத்திலேயே இறந்தார்.

ஒரே கோட்டை. இரண்டு இளைஞர்கள். உள்ளே இருந்தவன் எதிரியின் எட்டு வருஷத்தைத் தின்றான். வெளியே வந்தவன் ஒரு நாளில் முடிந்தான். நாம் பாட்டுக் கட்டியது, எம்.ஜி.ஆர். 1960-ல் நடித்தது, குழந்தைக்குக் கதை சொல்வது எல்லாம் இரண்டாமவனுக்கு. முதலாமவனுக்கு நம் ஊரில் ஒரு வரி இல்லை. (2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததே, அது மராட்டியர் ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக. மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில். அந்தச் செய்தியைப் பார்த்தும் பசங்க "தேசிங்கு கோட்டை" என்றுதான் ஸ்டேட்டஸ் வைத்தார்கள்.)

இப்போது எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். "ராஜாராமுக்கு ஆள்பலம் இருந்தது. சில நூறு பேரை வைத்து மூன்று மலையை எப்படிக் காப்பது?" நியாயமான கேள்வி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் சுற்றும் மதில் பல கிலோமீட்டர் நீளம். அதில் சில நூறு பேரை நிறுத்தினால் கொல்லைக்குப் பொம்மை நட்ட மாதிரிதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் காக்கச் சொன்னது யார்? ராஜகிரி உச்சியை மட்டும் காத்தால் போதும். ஏறியவர்களுக்குத் தெரியும். சுமார் 800 அடி. மூச்சு வாங்க வாங்கப் படி ஏறினால் மேலே பாறைப் பிளவு, அதைத் தாண்ட ஒரு சின்னப் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் நவாபின் குதிரைப்படை கீழே நின்று அண்ணாந்து பார்க்கலாம், அவ்வளவே. மேலே சுனை உண்டு, களஞ்சியம் உண்டு. கட்டியவன் முட்டாள் இல்லை.

அப்புறம் மாதத்தைப் பாருங்கள். அக்டோபர் 3 என்றால் புரட்டாசி. இன்னும் இரண்டு மூன்று வாரம் பொறுத்திருந்தால் ஐப்பசி மழை பிடித்திருக்கும். நம் பக்கத்துக் களிமண் ஐப்பசியில் எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டுமா? சைக்கிளே நகராது, பீரங்கி நகருமா? வானமே படையோடு வந்துகொண்டிருந்தது. இவன் அதற்கும் காத்திருக்கவில்லை.

இன்னொன்று, டெல்லி. சுல்பிகர் கான் கதை என்ன ஆயிற்று தெரியுமா? 1713-ல் புது பாதுஷா பரூக்சியார் அவரைக் கொன்றுவிட்டார். 1712-ல் ஒரு பாதுஷா செத்து, 1713-ல் அடுத்தவர் கொல்லப்பட்டு, மூன்றாமவர் உட்கார்ந்திருந்த நேரம் அது. தக்காண சுபேதாராக இருந்த நிஜாம்-உல்-முல்க்கை 1715-ல் மாற்றி சையத் உசேன் அலியை அனுப்பினார்கள். அதாவது ஒரு வருஷம் மலைமேல் இருந்திருந்தால் நவாபுக்கு மேலதிகாரியே மாறியிருப்பார். புது அதிகாரியிடம் ஒரு மனு, ஒரு நஜர், ஒரு தவணை ஒப்பந்தம்... நடந்திருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் செத்தவனால் மனு போட முடியாது.

"1750-ல் பிரெஞ்சு தளபதி புஸ்ஸி ஒரே ராத்திரியில் செஞ்சியைப் பிடித்தாரே?" என்று கூகுள் பண்ணிக்கொண்டு வருவான் ஒருத்தன். வா ராசா. அப்போது முகமது அலியின் ஆட்கள் எங்கே நின்றார்கள்? கோட்டைக்கு வெளியே! வெளியே அடி வாங்கி, தலைதெறிக்க உள்ளே ஓடினார்கள், புஸ்ஸி பின்னாலேயே வந்துவிட்டார். அது என் கட்சிக்குத்தான் சாட்சி. பிறகு 1752-ல் ஆங்கிலேய மேஜர் கின்னீர் செஞ்சியைப் பிடிக்க வந்து, பார்த்ததுமே ஆகாது என்று திரும்பி, நம்ம விக்கிரவாண்டியில் பிரெஞ்சுக்காரர்களிடம் உதை வாங்கினார். இன்று டோல்கேட்டில் நிற்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, டீக்கடை ஜெர்மனிக்கு. 1914 ஆகஸ்ட் 1-ம் தேதி கெய்சரே, "மேற்கே வேண்டாம், படை முழுவதையும் கிழக்கே திருப்பு" என்றார். பிரிட்டன் ஒதுங்கி நிற்கும் என்று லண்டனிலிருந்து வந்த தகவலை நம்பி. தளபதி மோல்ட்கே முடியாது என்றார். திட்டம் போட்டாயிற்று, ரயில் அட்டவணை தயார். தகவலும் தப்பென்று தெரிந்தது. பெல்ஜியத்துக்குள் புகுந்தார்கள், பிரிட்டன் போருக்கு வந்தது. அதே மாதம் எல்லையில் மோத வந்த பிரான்ஸ், ஆகஸ்ட் 22 ஒரே நாளில் சுமார் 27,000 பேரை இழந்தது. இயந்திரத் துப்பாக்கிக் காலத்தில் நின்று தடுப்பவனுக்குத்தான் லாபம் என்று அன்றே எழுதிவிட்டது. எனவே 1914-க்கு நண்பன் சொன்னதை ஏற்கிறேன். (அந்த செப்டம்பரில் எம்டன் வந்து சென்னையில் எண்ணெய் டாங்கிகளைக் கொளுத்தியது. நமக்குக் கிடைத்தது ஒரு வசவு வார்த்தை.) 1939-க்கு ஏற்க மாட்டேன். அடுத்தவன் நிலத்தைப் பிடுங்குவதே ஹிட்லரின் கொள்கை. அவன் சும்மா இருந்திருந்தால் என்பது, பூனை சைவமாக இருந்திருந்தால் என்பது போல.

கோழை என்றானே, அவனுக்கு ஒரு விஷயம். எங்கள் வகுப்பில் ஒருத்தன் இருந்தான். மூன்றாவது செமஸ்டரில் வருகை நாள் குறைவு. அபராதம் கட்டி, ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் பரீட்சை எழுதலாம் என்றார்கள். அவன் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே நடந்தான். வராந்தா முழுக்கக் கைதட்டல். "தேசிங்குடா!" என்று கத்தியது யார் தெரியுமா? நான். இப்போது விழுப்புரத்தில் ஒரு மொபைல் கடையில் ஸ்க்ரீன் கார்டு ஒட்டுகிறான். கைதட்டிய நாங்கள் நாற்பது பேரும் அபராதம் கட்டிப் பரீட்சை எழுதியவர்கள்தான். கதைப்பாடலைக் கேட்டவர்கள் யாரும் தேசிங்கோடு போகவில்லை.

போன மாதம் போன் பண்ணினான். படிப்பை மறுபடி தொடர முடியுமா, யாரைப் பார்க்கணும் என்று கேட்டான். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். வரும் ஞாயிறு செஞ்சி போகிறோம், அவனும் வருகிறான். கிழித்த படிவத்துக்குப் பதில் புதுசு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பாலத்தைத் தாண்டி மேலே உட்கார்ந்து நிரப்பலாம், பேனா மட்டும் நீ கொண்டு வாடா.