கோழிக்கு மட்டுமா மக்காச்சோளம்?

மார்கழி மாதம். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்குப் பின்னாலேயே கரிசல் காடு. ஆள் உயரத்துக்கு மேல் மக்காச்சோளம் நின்றது. கதிர்கள் பால் பிடித்து, பார்க்கவே ஆசையாக இருந்தன. "மதினி, பிள்ளைகளுக்கு நாலு கதிர் ஒடிச்சு அவிச்சுக் கொடுங்களேன்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "நல்லா இருக்கு தாயி நீ சொல்றது! இது கோழித் தீவனத்துக்குப் போறது. இதையா பிள்ளைக திங்கும்?"

சொல்லிக்கொண்டே பெட்டிக்கடையில் வாங்கி வைத்திருந்த பாக்கெட்டுகளைப் பிரித்துப் பிள்ளைகளிடம் நீட்டினார். அந்தப் பாக்கெட்டின் மேல் என்ன படம் போட்டிருந்தது தெரியுமா? மக்காச்சோளக் கதிர்!

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வருத்தம்தான் வந்தது.

விருதுநகர் மாவட்டத்தில் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைக்கிற முக்கியமான பயிர்களில் மக்காச்சோளமும் ஒன்று. தை, மாசியில் அறுவடையாகி, மூட்டை மூட்டையாகக் கோழித் தீவனத்துக்கும் ஆலைகளுக்கும் போகிறது. போகட்டும், அது விவசாயியின் வருமானம். நான் கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்று. நம் மண்ணில் விளைந்தது வெளியூர்க் கோழிக்குப் போக, நம் பிள்ளைகள் மட்டும் அதே சோளத்தை மாவாக்கி, எண்ணெயும் உப்பும் மசாலாவும் பூசி, காற்றடைத்த பையில் காசு கொடுத்து வாங்கித் தின்ன வேண்டுமா?

"நேரம் எங்கே இருக்கு?"

இதைச் சொன்னால் பல தாய்மார்கள் உடனே கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் காலையில் வேன் ஏறிப் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிற பெண்கள் சாயங்காலம்தான் வீடு திரும்புகிறார்கள். உடம்பு அலுப்பு. வாசலில் பிள்ளைகள் பசியோடு நிற்கும். வழியில் பரோட்டா பொட்டலமோ, நொறுக்குத் தீனியோ வாங்கிக்கொண்டு வருவதை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனால் கதிர் அவிக்க ஆகும் நேரம், நீங்கள் குளித்துத் துணி மாற்றும் நேரம்தான். அதுவும் நீங்கள்தான் அவிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. குக்கரில் தண்ணீர் ஊற்றிக் கதிரைப் போட்டு மூடுவதற்கு வீட்டு ஐயாவுக்கும் தெரியும், வளர்ந்த பிள்ளைக்கும் தெரியும். தெரியாவிட்டால் இன்றைக்கே சொல்லிக் கொடுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். மருந்து அறையில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் அந்தத் துணியோடு அடுப்பு அருகே போகவே கூடாது. கதிர் என்பது கையால் பிடித்துக் கடித்துத் தின்கிற பண்டம். நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் மருந்துத் தூள் நேராக வாய்க்குப் போய்விடும். குளியல், சோப்பு, நகச் சுத்தம்... அப்புறம்தான் அடுப்படி!

பார்த்து வாங்குங்கள்

தோகை பச்சையாக, ஈரப்பசையோடு இருக்க வேண்டும். தோகையைக் கொஞ்சம் விலக்கி ஒரு மணியை நகத்தால் கீறிப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் வந்தால் பிஞ்சு. பால் போல வந்தால் சரியான பக்குவம். மாவு போல இருந்தால் முற்றல். அதற்குக் கூடுதல் வேக்காடு வேண்டும்.

ஒடித்த நேரத்திலிருந்தே கதிரிலுள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும். அதனால் வாங்கிய அன்றைக்கே சமைப்பதுதான் ருசி. முடியாவிட்டால் தோகையை உரிக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

2018-ல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு நம் மக்காச்சோளத்தையும் விட்டு வைக்கவில்லை. அதற்காகப் பூச்சிமருந்தும் அடிக்கிறார்கள். தெரிந்தவர் காட்டிலிருந்து வாங்கினால், 'கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள்?' என்று கேட்பதில் தப்பில்லை. தோகை உரித்ததும் நன்றாகக் கழுவுங்கள். நுனியில் புழு அரித்திருந்தால் அந்த இடத்தை வெட்டிவிட்டு மற்றதைச் சமைக்கலாம். ஆனால் கறுப்பாகவோ பச்சையாகவோ பூசணம் பிடித்திருந்தால் முழுக் கதிரையும் தூக்கி எறியுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

நாலு சுலப வழிகள்

அவித்தல்: நாட்டுக் கதிர் என்றால் குக்கரில் மூன்று, நான்கு விசில். முற்றலாக இருந்தால் ஆறு விசில் வரை விடலாம். ஸ்வீட் கார்னுக்குக் குக்கரே தேவையில்லை. கொதிக்கிற தண்ணீரில் ஐந்து முதல் ஏழு நிமிடம் போதும். நம் ஊரில் ஒரு சங்கதி கவனிக்க வேண்டும். போர்த் தண்ணீரில் பருப்பு வேகாமல் அடம் பிடிக்குமே, அதேபோல்தான் இதுவும். உப்புத் தண்ணீரில் வேக வைத்தால் மணியின் தோல் விறைப்பாகிவிடும். சமையலுக்கு வைத்திருக்கும் நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள். உப்பை வெந்த பிறகு தடவிக் கொள்ளலாம்.

ஆவியில்: உள் தோகை இரண்டை மட்டும் விட்டுவிட்டு, இட்லிச் சட்டியில் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். தோகையின் வாசம் மணியில் இறங்கும். சத்தும் தண்ணீரோடு அதிகம் போகாது. என் ஓட்டு இதற்குத்தான்.

சுடுதல்: குற்றாலத்துக்குப் போனால் மட்டும்தான் சுட்ட சோளம் தின்ன வேண்டும் என்பதில்லை. கேஸ் அடுப்பின் மேல் கம்பி வலை வைத்து, மிதமான தீயில் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தேய்த்தால் போதும். வெண்ணெய் அவசியமே இல்லை. முற்றிய மணி சூட்டில் படபடவென்று தெறிக்கும். முகத்தைக் குனிந்து வைக்காதீர்கள். வெடிக்கிற பொருளிடம் எட்ட நிற்க வேண்டும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

உதிர்த்தல்: வெந்த மணிகளை உதிர்த்து, கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, வரமிளகாய் தாளித்துத் தேங்காய்ப்பூ தூவினால் சுண்டல் தயார். பச்சைக் கதிரைத் துருவி, ஊற வைத்து அரைத்த பருப்போடு சேர்த்தால் அடை. பல் இல்லாத பெரியவர்களுக்கும், மணியின் தோல் செரிக்காதவர்களுக்கும் இந்தத் துருவல்தான் நல்லது.

அளவும் உண்டு

நல்லது என்பதற்காக அள்ளி அள்ளித் தின்னக் கூடாது. நடுத்தரமான ஸ்வீட் கார்ன் கதிரில் ஏறக்குறைய 90 கலோரியும் 19 கிராம் மாவுச்சத்தும் 3 கிராம் புரதமும் இருக்கின்றன. நார்ச்சத்தும், கண்ணுக்கு நல்லதான லூட்டீனும் உண்டு. நாட்டுக் கதிரில் மாவுச்சத்து இன்னும் கூடுதல். நினைவிருக்கட்டும், இது காய்கறிக் கணக்கு இல்லை, தானியக் கணக்கு! சர்க்கரை நோயாளி ஒரு கதிர் சாப்பிட்டால் ராத்திரி ஒரு சப்பாத்தியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறுக்குப் பத்தியத்தில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடலாம். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழு மணியாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். மசித்துக் கொடுங்கள். பாப்கார்ன் அந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம்.

இன்னொரு சேதி. மக்காச்சோளத்தின் தாயகமான மெக்சிகோவில் அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேக வைத்துத்தான் ரொட்டி சுடுவார்கள். அதிலுள்ள நியாசின் என்ற வைட்டமின் அப்போதுதான் உடம்பில் சேரும். இந்த வித்தை தெரியாமல் மக்காச்சோளத்தையே முழுநேர உணவாக்கிய நாடுகளில் பெலக்ரா என்ற நோய் வாட்டியது. நாம் சோறு, பருப்பு, கீரையோடு இடையில் ஒரு கதிர் தின்பதால் நமக்கு அந்தப் பயம் இல்லை.

அன்றைக்கு மதினி வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். நானே காட்டில் இறங்கி ஆறு கதிர் ஒடித்து வந்து அவித்தேன். பிள்ளைகள் முதலில் முகத்தைச் சுளித்தன. கடைசியில் பாக்கெட் பாதியோடு கிடந்தது, கதிர்த் தக்கைகள் மட்டும் மிஞ்சின. மதினியும் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "இத்தன வருசமா கோழிதான் விவரமா இருந்திருக்கு" என்றார்.

இனியாவது நாமும் விவரமாக இருப்போமே!